மனம் வெறும் இரசாயனமா?



நம் பங்கிலுள்ள ஒரு வீட்டைக் கற்பனையாக எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எந்த வீடாகவும் இருக்கலாம். மூத்த மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மனநோய் கண்டது. சில வாரங்கள் உறக்கமே இன்றி இடைவிடாது பேசுவாள். கையிலுள்ள பணத்தையெல்லாம் வாரி இறைப்பாள். பின்பு சில மாதங்கள் படுக்கையை விட்டு எழாமல் அழுதுகொண்டிருப்பாள். வைத்தியர் லித்தியம் மாத்திரை கொடுத்தார். இப்போது சுகமாயிருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், ஞாயிறு பூசைக்கும் தவறாமல் வருகிறாள்.

விடுமுறைக்கு வந்த தம்பி கல்லூரி மாணவன். இரவு சாப்பிடும்போது சொல்கிறான்: “பார்த்தீர்களா அம்மா? ஒரு உப்பு மாத்திரை அக்காளுடைய மனத்தையே மாற்றிவிட்டது. மனம், ஆத்துமம் என்று நாம் சொல்வதெல்லாம் மூளையில் நடக்கும் இரசாயனந்தான். வேறொன்றுமில்லை.”

மூலையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டி உடனே சொல்லுகிறாள்: “அதற்குத்தான் நான் அன்றைக்கே சொன்னேன், அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று. ஆத்துமத்தில் வந்த கஷ்டத்துக்கு மாத்திரை எதற்கு? நவநாள் செய்தால் போதும்.”

தாயார் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த மகள், சோற்றைத் தொடாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியல்ல என்பதே இன்றைய பாடம். அவர்கள் எதிரும் புதிருமாகப் பேசுவதுபோல் தோன்றினாலும் இருவருடைய பிழைக்கும் வேர் ஒன்றே. “மாத்திரை வேலை செய்தால் ஆத்துமம் இல்லை” என்கிறான் பேரன். “ஆத்துமம் உண்டு, ஆகையால் மாத்திரை வேண்டாம்” என்கிறாள் பாட்டி. சரீரமும் ஆத்துமமும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பொருள்கள் என்று இருவருமே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

1. விஞ்ஞானிகள் கண்டது என்ன?

முதலில் பேரன் பக்கத்து நியாயத்தை முழுவதும் கேட்போம். எதிரியின் வாதத்தைப் பாதி கேட்டுவிட்டு மறுப்பது யோக்கியமல்ல.

1921-ம் ஆண்டு ஆஸ்திரியா தேசத்தில் ஒட்டோ லோவி என்னும் விஞ்ஞானி இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, உப்பு நீரில் துடிக்கவிட்டார். முதல் இருதயத்தோடு இணைந்திருந்த நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு தளர்ந்தது. அந்த இருதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இருதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இருதயமும் தளர்ந்தது! நரம்பு தன் செய்தியை ஒரு இரசாயனப் பொருளின் மூலம் அனுப்புகிறது என்பது இதனால் விளங்கிற்று. இதற்காக 1936-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் இந்தச் சரித்திரத்தில் இடமுண்டு. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தையும் சித்தப்பிரமையையும் தணிக்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் 1931-ல் எழுதினார்கள். அந்த வேரின் சத்தாகிய ரெசர்பைன் 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1957-ல் சுவீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் இந்த மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்பு டோப்பா என்னும் பொருளைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. நடுக்குவாத நோயாளிகளுக்கு இன்று கொடுக்கப்படும் மருந்து இந்த வழியாகவே வந்தது. கார்ல்சனும் 2000-ம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நம் கதையிலுள்ள மகள் உட்கொள்ளும் லித்தியமோ, 1949-ல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட் வெறிநோய் கண்ட பத்துப் பேருக்குக் கொடுத்து எழுதிய அறிக்கையால் வைத்திய உலகுக்குத் தெரியவந்தது. அது கல்லிலும் காணப்படும் சாதாரண உப்பு வகையைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கட்டுக்கடங்காதிருந்த மனங்களை அது அமைதிப்படுத்திற்று.

இவ்வளவு ஏன்? கடுங்காய்ச்சலில் பிதற்றாதவர் யார்? சாராயம் குடித்தவனுடைய புத்தி எங்கே போகிறது? இரத்தத்தில் சர்க்கரை குறைந்தவர் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறோம். மூளை கெட்டால் நினைவும் புத்தியும் குணமும் கெடுகின்றன. இது உண்மை. இதை மறுக்கவேண்டிய அவசியம் கத்தோலிக்கனுக்கு எள்ளளவும் இல்லை.

2. திருச்சபைக்கு இது புதிய செய்தியா?

“அப்படியானால் நம் வேதம் பொய்யாகிவிடாதா?” என்று பாட்டி கலங்கலாம். கலங்கவேண்டாம்.

13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் இந்தக் காரியத்தை ஆராய்ந்திருக்கிறார். சரீர அவயவம் பழுதுபட்டால், ஜன்னி கண்டவர்களிடத்தில் காண்பதுபோல, மனிதன் முன்பு அறிந்திருந்தவற்றைக்கூட நினைத்து உணரமுடியாமல் தடைபடுகிறான் என்று அவர் தமது தேவசாஸ்திரத் தொகுப்பில் எழுதுகிறார். அவருக்கு டோப்பமினும் தெரியாது, செரோட்டோனினும் தெரியாது. ஆனால் புத்தி இவ்வுலகில் சரீரத்தின் துணையோடுதான் வேலை செய்கிறது என்பது நன்றாய்த் தெரிந்திருந்தது.

படகுக்காரன் படகில் உட்கார்ந்திருப்பதுபோல் ஆத்துமம் சரீரத்தில் குடியிருக்கிறது என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அர்ச். தோமாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன் படகும் படகுக்காரனுமாக இருவரல்ல, ஒரே ஆள். சரீரத்தை உயிருள்ள மனித சரீரமாக ஆக்குவதே ஆத்துமம். 1312-ல் முடிவுபெற்ற வியன் பொதுச்சங்கமும் இவ்வாறே போதித்தது. ஆகையால் சரீரத்தைத் தொடும் மருந்து மனத்தையும் தொடுவது வேதத்துக்கு விரோதமன்று. வேதம் மனிதனைப்பற்றிச் சொல்வதற்கு அது முற்றும் பொருத்தமானது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். நிக்கோலாஸ் ஸ்டேனோ என்பவர் டென்மார்க் தேசத்தில் 1638-ல் பிறந்த சரீர சாஸ்திரி. இருதயம் ஒரு தசையே என்று காட்டியவர். 1665-ல் பாரீஸ் நகரில் கற்றோர் கூடிய சபையில் மூளையைப்பற்றிப் பேச எழுந்தார். மூளையைப்பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்! மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பியே ஆத்துமத்தின் ஆசனம் என்று டெக்கார்ட் என்னும் தத்துவ சாஸ்திரி சொல்லியிருந்ததை, அறுத்துப் பார்த்த சான்றுகொண்டு மறுத்தார். ஆத்துமத்தை ஒரு சுரப்பியில் அடைத்துவிட அவர் சம்மதிக்கவில்லை. மூளையை ஆராய்வதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. இன்னும் பொறுமையாய் ஆராயுங்கள் என்றே வற்புறுத்தினார். லுத்தர் சபையில் வளர்ந்த இவர் 1667-ல் கத்தோலிக்கராகி, பின்பு குருவாகி, 1677-ல் மேற்றிராணியாரானார். 1988-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அறுவைக் கத்தி பிடித்த கையே பின்பு திருப்பலியும் நிறைவேற்றிற்று.

3. “வேறொன்றுமில்லை” என்பது ஏன் பிழை?

இனிப் பேரனிடம் திரும்புவோம். “மூளையில் இரசாயனம் இருக்கிறது” என்று அவன் சொன்னது சரி. “வேறொன்றுமில்லை” என்று சேர்த்தானே, அங்கேதான் பிழை. முன்னது விஞ்ஞானம் கண்ட உண்மை. பின்னது அந்த உண்மையின்மேல் அவன் ஏற்றிவைத்த தத்துவம். இன்று ஆராய்ச்சியாளரில் பலர் அவனைப்போலவே எண்ணுகிறார்கள் என்பது மெய்தான். ஆயினும் எந்தச் சோதனைக் குழாயிலும் அந்த “வேறொன்றுமில்லை” அகப்பட்டதில்லை.

மேலே சொன்ன லோவியின் கதையிலேயே ஒரு பாடம் உண்டு. அந்தச் சோதனை அவருக்குக் கனவில் தோன்றிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். நள்ளிரவில் விழித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால், தாம் எழுதியது தமக்கே விளங்கவில்லை! மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தது. உடனே எழுந்து ஆய்வுச்சாலைக்கு ஓடினார்.

அந்தத் துண்டுக் காகிதத்தைச் சற்றே யோசித்துப் பாருங்கள். எழுதிய கோடு ஒன்றும் அழிந்துபோகவில்லை. காகிதத்தையும் எழுத்தையும் இரசாயன முறைப்படி பரிசோதித்து, ஒவ்வொரு அணுவையும் எண்ணி எழுதியிருக்கலாம். அப்படிச் செய்தாலும் எழுதியவர் என்ன கருதினார் என்பது அந்தக் கணக்கில் வந்திராது. எழுத்தின்றிச் செய்தி இல்லை. ஆனால் எழுத்தைப் பரிசோதிப்பது செய்தியை வாசிப்பதாகாது. மூளையின் இரசாயனமும் அவ்வாறே. அது இன்றி இவ்வுலகில் நாம் நினைக்கமுடியாது. எனினும் அதை அளந்துவிட்டதனால் நினைவின் பொருளை அறிந்துவிட்டோம் என்று சொல்லமுடியாது.

இதைவிட எளிய உதாரணம் ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று பிள்ளையைக் கேளுங்கள். ஒரு பிள்ளை 56 என்கிறது. மற்றொன்று 54 என்கிறது. இரண்டு மூளைகளிலும் இரசாயனம் தன் விதிப்படியே நடந்தது. அங்கே ஒரு குற்றமுமில்லை. உப்பு கரைவதில் சரி என்றும் தவறு என்றும் உண்டா? கரையும், அவ்வளவுதான். ஆயினும் 54 என்பது தவறு! அந்தத் தவறு எங்கே இருக்கிறது? இரசாயனத்தில் இல்லை; உண்மையோடு ஒத்துப்பார்க்கும் புத்திக்குத்தான் அது தெரிகிறது.

பேரன் சும்மா இருப்பானா? “கம்ப்யூட்டரும் 56 என்று சொல்கிறதே, அதற்கும் ஆத்துமம் உண்டா?” என்று கேட்பான். நல்ல கேள்வி. ஆனால் யந்திரம் பழுதாகி 54 என்று காட்டினாலும், அதனுள் ஓடும் மின்சாரம் இயற்கை விதிப்படியே ஓடுகிறது. “இது பழுது” என்று சொல்கிறவர்கள் நாம். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிந்திருப்பதால் சொல்கிறோம்.

மேலும், தம்பி, உன்னையே ஒன்று கேட்கிறோம். “மனம் வெறும் இரசாயனம்” என்கிறாயே, அந்த எண்ணமும் உன் மூளையின் இரசாயனந்தானே? பாட்டியின் மூளையில் வேறு இரசாயனம் ஓடி, வேறு எண்ணம் வந்தது. ஓடை ஒருபுறமும் ஆறு மறுபுறமும் ஓடுவதில் எது மெய், எது பொய்? பாட்டியின் எண்ணம் தவறு, உன் எண்ணம் சரி என்று நீ வாதாடத் தொடங்கிய கணத்திலேயே, காரணங்களை எடைபோட்டு உண்மையைத் தேடும் ஒன்று உன்னிடத்தில் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டாய்.

4. தூண்டுதல் வேறு, சம்மதம் வேறு

கனடா தேசத்தில் மொன்ட்ரியால் நகரத்து மூளை வைத்தியர் வைல்டர் பென்பீல்ட் என்பவர், காக்கைவலிப்பு நோயாளிகளுக்கு அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையில் சிகிச்சை செய்தார். மூளைக்கு வலி தெரியாது. ஆகையால் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். மெல்லிய மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொட்டால் நோயாளியின் கை அசையும். மற்றோரிடத்தைத் தொட்டால் பழைய பாட்டு காதில் விழும். கை அசைந்தபோது நோயாளிகள், தாங்கள் அதை அசைக்கவில்லை, வைத்தியரே அசைத்தார் என்றார்கள். தொட்ட எந்த இடமும் ஒருவனை ஒரு காரியத்தை நம்பவோ தீர்மானிக்கவோ செய்ததில்லை என்று பென்பீல்ட் 1975-ல் வெளிவந்த தமது நூலில் எழுதினார்.

இதைக் கேட்டவுடன், “ஆத்துமம் நிரூபிக்கப்பட்டது!” என்று கூவிவிடக் கூடாது. பென்பீல்டின் முடிவை மூளை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கவில்லை. 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மூளையின் பக்கப் பகுதியில் மின்சாரம் தொட்டபோது, கையை அசைக்கவேண்டும் என்ற ஆசையே எழுந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். ஆகவே ஆசையையும் மின்சாரத்தால் எழுப்பலாம். இதை மறைப்பது உண்மைக்கு விரோதம்.

ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யக் கற்றுக்கொண்ட சிறு பிள்ளைக்கும் ஒன்று தெரியும்: சோதனை வேறு, சம்மதம் வேறு. கோபம் பொங்குகிறது, அது இரத்தத்திலும் நரம்பிலும் எழுவது, அதற்கு நாம் முழுப் பொறுப்பாளியல்ல. ஓங்கிய கையை இறக்குவதா, அடிப்பதா என்று நிதானிக்கும் நேரம் ஒன்று உண்டு. அங்கேதான் மனிதன் நிற்கிறான். தன்மேல் எழும் தூண்டுதலைத் தானே பார்த்து, “இது தகுமா?” என்று கேட்பதே அவனுடைய மகிமை.

5. பாட்டிக்குச் சொல்லவேண்டியது

இப்போது பாட்டியம்மாளிடம் மரியாதையுடன் பேசவேண்டும். ஏனெனில் பேரனுடைய பிழையால் வாதம் கெடும், பாட்டியின் பிழையால் உயிரே போகலாம்.

2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. அங்கே மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓடித் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவரல்லர். குணமாகும் என்று நம்பிய தாய் தகப்பன்மார், உடன்பிறந்தோர். இது வேறு யாருடைய குற்றமோ என்று நாம் தள்ளிவிடவேண்டாம். மனநோயைப் பிசாசின் வேலை என்றும், பாவத்தின் தண்டனை என்றும் சொல்லிப் பூட்டிவைக்கும் வழக்கம் எல்லா மதத்தவர் வீடுகளிலும் இருந்திருக்கிறது. நம் வீடுகளிலும் இருந்திருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தெளிவாய் விலக்குகிறது.

செபம் செய்யவேண்டாமா? கட்டாயம் செய்யவேண்டும். கால் முறிந்தவன் செபமும் செய்கிறான், கட்டும் போட்டுக்கொள்கிறான். வைத்தியர் கைக்கும் மூலிகைக்கும் குணமளிக்கும் வல்லமையைக் கொடுத்தவர் சர்வேசுரனே. அவர் கொடுத்ததைத் தள்ளிவிட்டு அவரிடமே புதுமை கேட்பது பக்தியாகாது.

இரசாயனத்தால் மட்டும் எல்லாம் விளங்கிவிடும் என்று வைத்தியமும் இன்று சொல்வதில்லை. செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்று பல ஆண்டுகள் எளிதாய்ச் சொல்லப்பட்டுவந்தது. 2022-ல் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்த அறிஞர்கள், அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று வெளியிட்டார்கள். பரம்பரை, சரீர நோய், சாவு, கடன், தனிமை எனக் காரணங்கள் பல கூடுகின்றன. இதை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூர எறியவேண்டாம். ஒரு மருந்து எவ்வாறு உதவுகிறது என்பது முழுவதும் விளங்காதிருப்பதும், அது உதவுகிறது என்பதும் வேறு வேறு. வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது பேராபத்து.

இன்னொன்று. உயிரை மாய்த்துக்கொண்டவர்களுடைய குடும்பங்கள் நம்மிடையே தலைகுனிந்து நடக்கின்றன. தற்கொலை பெரும் தீமை என்று போதிக்கும் திருச்சபையே, கடுமையான மனக்கோளாறும் வேதனையும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அப்படி இறந்தவர்களுடைய இரட்சணியத்தைப்பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-ம் ஆண்டு ஞானோபதேச நூலில் கற்பிக்கிறது. நோய் எவ்வளவு, சம்மதம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கும் தராசு சர்வேசுரன் கையிலேயன்றி நம் கையில் இல்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம், அவர்கள் வீட்டு வாசலை மிதிப்போம்.

6. அந்த வீட்டுக்குத் திரும்புவோம்

சாப்பாடு ஆறிப்போகிறது. தாயார் என்ன சொல்லலாம்?

பேரனிடம்: “நீ படித்தது மெய்தான், தம்பி. ஆனால் அக்காளை இரசாயனம் என்று சொன்னாயே, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாயா?” பாட்டியிடம்: “அத்தை, நவநாளை விடவேண்டாம். அவள் மாத்திரை போடும் நேரத்தில் நீங்கள் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.”

மகளிடம்? லித்தியம் அவளுக்கு உறக்கம் கொடுத்தது, தெளிவு கொடுத்தது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள்? நோயின் வேகத்தில் தான் வைத பக்கத்து வீட்டு அம்மாளிடம் தானாகவே போய் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பு என்பது எந்தப் புட்டியிலும் கிடையாது. மாத்திரை வாசற்கதவைத் திறந்துவிட்டது. வெளியே நடந்துபோனவள் அவளே.

“சாப்பிடு, அம்மா,” என்று தாயார் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறாள்.

வீட்டில் கேட்டுக்கொள்ள

கேள்வி: மூளை கெட்டால் புத்தி தடைபடுவதனால் ஆத்துமம் இல்லையென்று ஆகுமா?
விடை: ஆகாது. ஆத்துமம் இவ்வுலகில் சரீரத்தின் துணையோடு வேலை செய்கிறது என்றுமட்டும் ஆகும்.

கேள்வி: மனம் வெறும் இரசாயனம் என்பது ஏன் போதாது?
விடை: இரசாயனத்தில் சரி, தவறு என்பது இல்லை, புத்தியோ மெய்யையும் பொய்யையும் நன்மையையும் தீமையையும் பகுத்தறிகிறது.

கேள்வி: மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவா?
விடை: அல்ல. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவது எப்படியோ அப்படியே.

கேள்வி: நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மனநோய் கண்டால் நம் கடமை யாது?
விடை: மறைக்காமல், பூட்டிவைக்காமல், வைத்தியரிடம் அழைத்துச் செல்வது; உடனிருந்து தேற்றுவது; செபிப்பது. அவசர ஆலோசனைக்கு 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம்.